அப்ரீன் பானு பாதசாரி அல்ல

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை இரவு.

பெருமதிப்புக்குரிய ஃபரீத் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அக்கா மகள் முபஷ்ஷிரா எழுதுகிறேன். ஊரெல்லாம் படுத்த பிறகு உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் எழுத முடியவில்லை. நான் பேனாவை எடுத்தால் அப்ரீன் தனக்கும் ஒரு பேனா வேண்டும் என்பாள். என் மாமியார் ஜுலைகா பீவி, "யாருக்கு எழுதுத? எங்க வீட்டுக் கதையும் அதுல வருதா?" என்று பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். தாளில் எழுதிப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். போனிலேயே தட்டியிருக்கலாம்தான். தட்டினால் நடுநடுவே சிரிக்கிற பொம்மை வந்து விழுகிறது, கோபம் நிற்கமாட்டேன் என்கிறது. நீங்கள், மாமி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? டில்லியில் புகை குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் அதையும் நீங்கள்தானே அட்டவணையில் போடுவீர்கள், அதனால் உங்களிடமே கேட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். இனி எழுதப்போவது சுகமில்லாதது.

மாமா, உங்கள் அலுவலகம் வருஷாவருஷம் போடுகிற அந்தத் தடிப் புத்தகத்தை, நாட்டில் எத்தனை வண்டி, அவை எவ்வளவு பெட்ரோல் டீசல் குடித்தன, எவ்வளவு புகை விட்டன, எத்தனை பேரை அடித்துப் போட்டன என்று சொல்கிற அந்தப் புத்தகத்தை, நம் குடும்பத்தில் முழுசாகப் படித்தவள் நான் ஒருத்திதான். மற்ற மாமாக்கள் பெருநாளைக்குத் துணி எடுத்துத் தருவார்கள், நீங்கள் புத்தகம் தருவீர்கள். என் நிக்காஹுக்கும் அதைத்தான் தந்தீர்கள். நியாஸ் வீட்டார் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பெண் வீட்டுக்கு எங்கோ லாரி கம்பெனி இருக்கிறது என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் புள்ளியியல் படித்தபோது எனக்கு அது பரீட்சைக்கு உதவிய புத்தகம். அப்ரீன் பிறந்த பிறகு அதுவே பேய்க்கதைப் புத்தகமாகிவிட்டது. விபத்துப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன். தெருவில் ஒரு வண்டி போனால் எனக்கு வண்டி தெரியாது, அது அட்டவணையில் எத்தனையாவது வரிசை என்பதுதான் தெரியும். அப்ரீன் ஒன்றாம் வகுப்புக்கு நல்லக்கண்ணு அண்ணாச்சியின் ஆட்டோவில் போக ஆரம்பித்த நாளிலிருந்து, அவள் திரும்பி வருகிறவரை என் வயிற்றுக்குள் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆனபடியே நிற்கிறது. அண்ணாச்சி முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வருவார். ஏறும்போது பார்த்தால் உள்ளே ஒன்றிரண்டு பிள்ளைகள் காற்றோட்டமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் போன வாரம் நீங்கள் போன் பண்ணி, "ஏட்டி முபா, நம்ம ஊர்ல மூணு நாள் வாகனக் கணக்கெடுப்பு நடக்கு, ஒப்பந்தக் கம்பெனிக்காரனுக்கு ஆள் வேணுமாம், போறியா?" என்று கேட்டதும் நான் அப்படித் துள்ளினேன். இங்கே எண்ணுவது கூடிக் கூடிக் கடைசியில் உங்கள் மேசைக்குத்தான் வரும் என்று வேறு சொன்னீர்கள். பேய்க்கதையை எழுதுகிற இடத்துக்கே போனால் பயம் தெளியும் என்று நினைத்தேன் மாமா. தெளியவில்லை.

புதன்கிழமை காலையில் திருவேங்கடம் ரோடு பிரிகிற முக்கில் எங்களை நிறுத்தினார்கள். மதுரையிலிருந்து வந்த சங்கர் என்கிற பையன்தான் மேற்பார்வை. வண்டிகளை எண்ணச் சிலர், நடந்து போகிறவர்களை எண்ணப் பக்கத்துத் தெரு ஷாஹின் பானு, ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ண நான். படித்தவள் என்பதால் எனக்கு அந்தப் பொறுப்பு; ஆட்டோ, பஸ் டிரைவர்களை மட்டும் சேர்க்க வேண்டாம் என்றார்கள். எல்லோருக்கும் வெள்ளிப் பட்டை மின்னுகிற பச்சைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் தாளோடு, முக்கில் நின்றால் நம் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று சங்கருக்குத் தெரியாது. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஹெல்மெட் செக்கிங்!

முதலில் ஒரு பைக் வந்தது. தூரத்தில் வரும்போது அதில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு பையன், பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு பெண் பிள்ளை, அம்மா கையில் ஒரு தூக்குவாளி. என் கோட்டைக் கண்டதும் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அம்மா, பையன், பெண், வாளி எல்லாம் இறங்கின. ஹாண்டிலில் தொங்கிய ஹெல்மெட் தலைக்கு ஏறியது. பிறந்ததிலிருந்தே தனியாக வண்டி ஓட்டுகிறவர் மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு அவர் மட்டும் என்னைக் கடந்து போய், அந்தப் பக்கம் பால் கடை முன்னால் காத்து நின்றார். நான் ‘ஒன்று’ என்று கோடு போட்டேன். ஷாஹின் ‘மூன்று’ என்று கோடு போட்டாள். அடுத்த வண்டியும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. குருவிகுளம் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஒரு கிடாயை நடுவில் உட்காரவைத்து வந்தார்கள். பின்னால் இருந்தவரும் கிடாயும் இறங்கினார்கள். கிடாய்க்கு நடக்க இஷ்டமில்லை. "ஏ, ஒரு எட்டு நடந்துரு, அங்கன போயி ஏறிக்கிடலாம்" என்று அவர் அதன் காதில் சொல்லிக்கொண்டு வருகிறார். ஷாஹின் என்னைப் பார்த்து, "ஏட்டி, இத எதுல போட?" என்றாள். ஆளை மட்டும் போடு என்றேன். "ஆளு கயித்த விட்டுட்டாரு. அது தனியால்லா வருது" என்றாள். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியவர்கள் அத்தனை பேரும் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே போய் மறைந்தார்கள். உள்ளே எங்கே இடம் இருந்தது என்று எந்த விஞ்ஞானிக்கும் தெரியாது. கால் மணி நேரத்தில் சங்கரன்கோவில் நாட்டிலேயே ஒழுங்கான ஊராகவும், நாட்டிலேயே அதிகமாக நடக்கிற ஊராகவும் ஆகிப்போனது. ஷாஹினுக்குக் கோடு போட்டுப் போட்டு விரல் வலி. சங்கர் என் தாளை எட்டிப் பார்த்து, "சூப்பர் மேடம், டேட்டா ரொம்ப க்ளீனா வருது" என்றார். நானும் சிரித்தேன் மாமா. அதுவரைக்கும் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் நல்லக்கண்ணு அண்ணாச்சியின் ஆட்டோ வந்தது. உள்ளே நாலே நாலு பிள்ளைகள், கல்யாண வீட்டு முன்வரிசையில் உட்காருகிற மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லி ‘நான்கு’ போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது, அந்த நாலில் என் பிள்ளை இல்லை. காலையில் என் கையால் ஏற்றிவிட்ட பிள்ளை. திரும்பிப் பார்த்தால், ரோட்டோரமாகப் பத்துப் பிள்ளைகள் ஒருத்தர் பையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி நடந்து வருகின்றன. முன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "லைன விடாத, லைன விடாத" என்று அதட்டிக்கொண்டே வருகிறது. அத்தனை பழக்கம். செக்கிங் உள்ள நாளெல்லாம் இந்த நடை உண்டு போலிருக்கிறது. கடைசிப் பெட்டி என் மகள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. உடனே வாயில் விரலை வைத்து, "உம்மா, சொல்லிராதீங்க, அண்ணாச்சி சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காவ" என்றாள், ரோட்டுக்கே கேட்கிற மாதிரி. ஷாஹின் பத்துக் கோடு போட்டாள். அதில் கடைசிக் கோடு அப்ரீன்.

பிள்ளைகள் ரோட்டைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் நிற்கிற ஆட்டோவுக்குப் போக வேண்டும். ஒன்பது பேர் கடந்துவிட்டார்கள். அப்ரீனின் தண்ணீர் பாட்டில் நடு ரோட்டில் விழுந்தது. அவள் குனிந்தாள். அந்தப் பக்கமிருந்து ஜல்லி லாரி ஒன்று வருகிறது. மாமா, உங்கள் புத்தகத்தில் அந்த மாதிரி விபத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும். அதெல்லாம் அப்போது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. தாளைப் போட்டேன், செருப்பு எங்கே போனதோ தெரியாது, லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். லாரி தூரத்திலேயே பிரேக் போட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கும் லாரிக்கும் நடுவில் இடம் நிறையவே இருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "ஏ தாயி, கோட்டுப் போட்டுட்டா குறுக்க விழுவியளோ?" என்றார். நான் நகரவில்லை. லாரிக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் டிராக்டர், இந்தப் பக்கம் பைக்குகள், எல்லாம் நின்றுவிட்டன. இறங்கி நடக்கிறவர்களும் நின்றுவிட்டார்கள். அப்ரீன் பாட்டிலை எடுத்துத் துடைத்து, என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள், அவள் மானம் போய்விட்டதாம்.

அப்போது எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "இறங்கினவிய எல்லாரும் ஏறுங்க! அவியவிய வண்டியில ஏறுங்க! இப்பத்தான் எண்ணப் போறேன்!" என்று கத்தினேன். கோட்டுப் போட்டவர்கள் எப்போதும் இறங்கத்தான் சொல்லுவார்கள், ஏறச் சொன்ன முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தூக்குவாளி அம்மா மாதிரி ஒரு அக்கா, "ஏறலாமா? அபராதம் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டு, இல்லை என்றதும் பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஏறினார். அதற்கப்புறம் முக்கே ஏறியது. நான் வரிசையாகப் போய் எண்ணினேன். நாலு, நாலு, ஐந்து, மூன்றும் ஒரு கேஸ் சிலிண்டரும், நாலு. நல்லக்கண்ணு அண்ணாச்சி ஆட்டோவில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பலகை. சீட்டில் பாதி, பலகையில் பாதி, அண்ணாச்சியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, வெளியே பையெல்லாம் திராட்சைக் குலை. பதினான்கு.

"முபஷ்ஷிராம்மாவா? நான் போலீசுன்னுல்லா நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி, ரொம்ப நிம்மதியாக.

"எத்தன பிள்ளைய அண்ணாச்சி ஏத்துதிய?"

"நான் எங்கம்மா ஏத்துதேன், அவியல்லா ஏறுதாவ. ஒவ்வொரு வாசல்லயும் ‘இந்த ஒத்தப் பிள்ளை மட்டும் அண்ணாச்சி’ன்னு கொண்டாந்து நிப்பாட்டுதாவ. உங்க வீட்டுக்காரரு தோஹாலேர்ந்து போன்ல என்ன சொன்னாரு? ‘ஒல்லிப் பிள்ளைதான், எடமே அடைக்காது’ன்னாரு. ஒல்லியா குண்டான்னு பாத்தா ஆட்டோ ஓட்ட முடியும்?"

"சரி, ஏத்தினிய. அத ஏன் நடு ரோட்டுல எறக்கி நடக்க விடுதிய?"

"எறக்கலேன்னா எண்ணிருவியள்லா!"

அதற்குள் சங்கர் ஓடி வந்துவிட்டார். "மேடம், உங்களை எண்ணத்தான் கூப்பிட்டோம், நிறுத்தக் கூப்பிடலை." நிறுத்தாமல் எப்படி எண்ணுவது என்றேன். "கடந்து போனப்போ ஆட்டோல நாலு பேரு. அதுதான் டேட்டா. நடந்தா பாதசாரி, அவ்வளவுதான்." "எம்பிள்ள பாதசாரியா?" என்று கேட்டேன். "இந்த முக்குல, இந்த நேரத்துல, ஆமா மேடம்" என்றார். நான் நாலை அடித்துப் பதினான்கு போட்டேன். அவர் பதினான்கை அடித்து நாலு போட்டார். நான் மறுபடி போட்டேன். தாள் கிழிந்தது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கொடுத்தேன். ஆனால் எதிர்த்த டீக்கடையில் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, கோட்டு இல்லாமல், பள்ளி விடுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கோட்டு இல்லாத கண்ணுக்கு எவரும் பயப்பட மாட்டார்கள் என்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் புத்தக முறைப்படியே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லிட்டரில் ஆளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் நல்லக்கண்ணு அண்ணாச்சி ரயிலையே பின்னுக்குத் தள்ளுகிறார். ஆளுக்கு எவ்வளவு புகை என்று பார்த்தால் அவர் ஆட்டோ ஏறக்குறைய ஒரு மரம். எரிபொருள் பகுதியில் அவருக்கு மாலை போட வேண்டும், விபத்துப் பகுதியில் விலங்கு போட வேண்டும். இந்த இரண்டு பகுதிகளையும் எழுதுகிறவர்கள் டில்லியில் ஒரே அறையில் உட்காருவதில்லையா மாமா? உட்கார்ந்தால் டீ குடிக்கும்போதாவது பேசிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே நியாஸிடமிருந்து போன். "ஏட்டி, நீ பஸ்ஸ மறிச்சியாமே. இங்கன ரூம்ல எல்லாரும் வீடியோ பாத்துட்டாங்க."

"நல்லாத் தெரியுதேனா?"

"கோட்டு நல்லாருக்கு. செருப்பு எங்க?"

இனிமேல் பிள்ளையை நானே பேட்டரி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடப்போகிறேன் என்றேன். அவர் தோஹா போன நாளிலிருந்து அது மூடிப் போட்டு முற்றத்தில் நிற்கிறது. என் மாமியார் தினம் அதைச் சுற்றிக் கோலம் போடாத குறைதான். "ஸ்கூட்டரா? ஒன் மாமா புஸ்தகத்துலயே போட்டிருக்கு, டூவீலர்லதான் மௌத்து அதிகம்னு. பிடிஎஃப்ப தெறந்து வச்சிக்கிட்டுத்தான் பேசுதேன்" என்றார் நியாஸ். எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். நான் படித்த புத்தகத்தை வைத்து எனக்கே! "ஊர்ல ஓடுததே அதுதான் அதிகம், அதான் அதுல அதிகம். அதுக்கும் மேல ஹெல்மெட்ட ஹாண்டில்லதான மாட்டுதிய" என்றேன். உடனே அவர் பேச்சை மாற்றி, கரண்ட் வண்டி என்றாலும் கரண்ட் நிலக்கரியில்தானே வருகிறது, புகை எப்படிக் குறையும் என்றார். "நம்ம பக்கம் கரண்டு எடுக்கன்னு அத்தன காத்தாடி சுத்துதுல்லா?" "ஒன் ஸ்கூட்டருக்குன்னு தனியா சுத்துதா?" "ஆமா, எனக்குன்னுதான் சுத்துது, வைங்க போன" என்று வைத்துவிட்டேன்.

நேற்று நல்லக்கண்ணு அண்ணாச்சி, பிள்ளைகளின் அம்மாக்கள் இருக்கிற வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். "திங்கக்கிழமலேர்ந்து சட்டப்படிதான் ஓட்டுவேன். மொதல்ல சேந்த அஞ்சு பிள்ளைய மட்டும் வாசல்ல நிக்கட்டும். மத்தவிய அந்தக் கோட்டுப் போட்ட அம்மாகிட்டக் கேட்டுக்கிடுங்க." அப்ரீன் கடைசியாகச் சேர்ந்தவள், அவளுக்கு இடமில்லை. வேண்டாம். அதைத்தானே நான் கேட்டேன். சில அம்மாக்கள் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும். என் மாமியார், "ஊரு பூரா பகை, ஒரு ஆட்டோவுக்காவ" என்கிறார்கள். ஆமாம், ஒரு ஆட்டோவுக்காகத்தான். எனக்கு ஒரு ஹெல்மெட், அப்ரீனுக்கு ஒரு குட்டி ஹெல்மெட் வாங்கியாயிற்று. சீராக ஓட்டுவேன். எங்களை யாரும் எந்த முக்கில் வேண்டுமானாலும் நிறுத்தி எண்ணிக்கொள்ளட்டும். இரண்டு பேர்தான்.

ஆகவே மாமா, கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன். சங்கரன்கோவில் தாள் உங்கள் மேசைக்கு வரும்போது அந்த ஆட்டோவில் நாலு என்று இருந்தால் அடித்துப் பதினான்கு என்று போடுங்கள். பாதசாரிக் கணக்கிலிருந்து ஒரு கோட்டை எடுத்துவிடுங்கள், அது என் மகள். நூறு கோடிக்கு மேல் ஜனம் உள்ள நாட்டில் ஒரு கோட்டில் என்ன என்று கேட்காதீர்கள், நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். இறங்கி நடந்து மறுபடி ஏறியவர்களுக்கென்று ஒரு புதுக் கட்டம் போடுங்கள். போட்டால் அதுதான் புத்தகத்திலேயே பெரிய கட்டமாக இருக்கும். முடியாது என்று உங்கள் மேலதிகாரி சொன்னால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாமும். அலுவலகத்துக்குப் போகிற ரயிலில் தினமும் உங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கவும், நீங்கள் எண்ணுவதெல்லாம் உள்ளபடி அமையவும் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
முபஷ்ஷிரா

பின்குறிப்பு: ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதினால் மேலே உள்ளது ஒன்றும் நிற்காது என்று தெரிந்தேதான் விட்டேன். நீங்கள் கணக்குப் பார்க்கிறவர், எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். இன்று சாயங்காலம் கோமதித்தாய், அண்ணாச்சி ஆட்டோவில் இடம் போன தன் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். விடிகாலையில் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள், வீட்டில் கொண்டு விட வேறு ஆள் இல்லை. சண்டை போடவில்லை. "ஏக்கா, நீங்க எண்ணுனிய, நல்லதுதான். எம்பிள்ளைய ரெண்டும் திங்கக்கிழம எதுல போவும்? நடந்துபோனா அந்த முக்கத் தாண்டணும்லா?" என்று கேட்டாள். என் வாய் என்னைக் கேட்காமல், "எங்கூட வரட்டும்" என்று சொல்லிவிட்டது. முற்றத்திலேயே ஏற்றிப் பார்த்தோம். அப்ரீன் முன்னால் நிற்கிறாள், மற்ற இரண்டும் எனக்குப் பின்னால். நாலு தலை, இரண்டு ஹெல்மெட். என் மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லக்கண்ணு ஒரு பலகையாவது போட்டிருந்தான்" என்றார்கள்.

அதனால் பதினான்கு, நான்கு, புதுக் கட்டம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அவள் பிள்ளைகளை வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டேன். மூன்று பிள்ளைகளையும் லாரி வருகிற அந்த ரோட்டில் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போவதா, ஸ்கூட்டரில் நெருக்கி உட்காரவைத்துப் போவதா, எதில் ஆபத்து குறைவு என்று உங்கள் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து தேடிவிட்டேன், இல்லை. இரண்டும் கூடாது என்று நீங்கள் சொல்வதாக இருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். சீக்கிரம் பதில் போடுங்கள் மாமா.